மங்கல வழக்கு

என் தம்பி திருமலை இறந்த அன்று காலை, அவன் சட்டைக் காலரில் இருந்த பொத்தான் பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. பச்சை என்றால் பயமில்லை என்று அர்த்தம். அந்த அர்த்தத்தைப் பொத்தானுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

அதன் பெயர் செவி. பார்ப்பதற்குச் சாதாரணச் சட்டைப் பொத்தான் போலவே இருக்கும். மாட்டியிருப்பவர் பேசுவதையும், அவர் போனில் கேட்பதையும் கேட்டுக்கொண்டே இருக்கும். குரல் எவ்வளவு தாழ்கிறது, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே எவ்வளவு நேரம் பிடிக்கிறது, என்னென்ன சொற்கள் வருகின்றன என்று கணக்குப் போட்டு, மனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். சிவப்பு எரிந்தால் மதுரையில் இருக்கும் எங்கள் ஆய்வு மையத்திலிருந்து ஓர் ஆள் உடனே கூப்பிட்டுப் பேசுவார். வீட்டில் யாராவது ஒருவருடைய கைபேசியிலும் அந்த நிறம் ஒரு புள்ளியாகத் தெரியும்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. தமிழ் எம்.ஏ. பதினோரு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தி, அவர்கள் கொட்டாவியை எண்ணிக்கொண்டிருந்தவள். டாக்டர் நூர்ஜஹான் என்னை வேலைக்குக் கூப்பிட்டபோது, தவறான நம்பருக்குப் போன் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"சர்க்கரைக்கு விரல்ல குத்திப் பாக்குறோம். மனசுக்கு எங்க குத்துறது? அதான் பேச்சுல குத்திப் பாக்குறோம்" என்றார் டாக்டர். மனநல மருத்துவர், இந்தத் திட்டமே அவருடையதுதான்.

"அதுக்குத் தமிழ் டீச்சர் எதுக்கு மேடம்?"

"இது வேற பாஷைல வளந்த பிள்ளை. நம்ம ஆளுங்க பேசுறத அப்படியே நம்பிடுது. போன வாரம் ஒருத்தர் ஹோட்டல்ல உக்காந்துக்கிட்டு, 'சீக்கிரம் கொண்டாப்பா, பசில உயிர் போகுது'ன்னிருக்கார். தோசைக்கு முன்னாடி ஆம்புலன்ஸ் போய் நின்னுடுச்சு."

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பிலேயே வேலைக்குச் சேர்ந்தும்விட்டேன்.

நம் ஆட்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாகிறார்கள், எத்தனை பேரைக் கொல்கிறார்கள் என்று அந்த வேலைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். "உயிரை வாங்காத", "செத்தேன் நான்", "கொன்னுடுவேன் பாத்துக்க", "என்னைத் தூக்கிக் குப்பைல போடு". ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதினேன். இது கோபம், இது செல்லம், இது வெறும் அலுப்பு, இதற்கெல்லாம் பதறாதே என்று பொத்தானுக்குப் பாடம் நடத்தினேன். கொட்டாவி விடாமல் கேட்ட ஒரே மாணவன் அதுதான்.

பதினேழாவது விதிதான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

முதலில் ஆயிரம் பேருக்குப் பொத்தானைக் கொடுத்துப் பார்த்தோம். காலை எட்டு மணி ஆனால் போதும், மையத்தில் சிவப்பு விளக்குகள் சரம் சரமாக எரியும். ஒரே நாளில் முந்நூறு அழைப்பு. எல்லாமே வேலைக்கும் காலேஜுக்கும் கிளம்புகிற நேரம். காரணம் ஒரே சொல்: "போறேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. "அது ஆபத்தான வார்த்தைதான், செண்பகம். உசுர விட நினைக்கிறவங்க பல பேர் கடைசியா அதத்தான் சொல்லிருக்காங்க. அத நீக்க முடியாது."

"நீக்க வேணாம் மேடம். அடுத்த வாக்கியத்தையும் கேக்கச் சொல்லுங்க. நம்ம வீட்ல யாராவது வாய் தவறி 'போறேன்'னா, உடனே நாக்கக் கடிச்சுக்கிட்டு 'வர்றேன்'னு மாத்திக்குவாங்க."

அன்று மையத்தில் எல்லோரையும் உட்காரவைத்து மங்கல வழக்கு பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். நல்லதல்லாத ஒன்றை நல்ல சொல்லால் சொல்வது மங்கலம். "நம்ம ஊர்ல விளக்க யாரும் அணைக்கிறதில்ல, மலையேத்துவாங்க. வீட்ல உப்பு தீராது, நிறைஞ்சிரும். அதே மாதிரி யாரும் போறதில்ல. எல்லாரும் வர்றதுதான்" என்றேன்.

டாக்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப, நிஜமாவே போறவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

"அவங்க 'போறேன்'னுதான் சொல்லுவாங்க மேடம். மாத்த மாட்டாங்க."

கை தட்டினார்கள். 'போறேன்' என்பதைத் தொடர்ந்து அதே ஆள் வாயால் 'வர்றேன்' வந்தால் சிவப்பை ரத்து செய்து பச்சைக்குப் போ. இதுதான் பதினேழாவது விதி. மறுநாள் முந்நூறு அழைப்பு நாலாகக் குறைந்தது. பொத்தான் ஊருக்குள் போனது அந்த விதிக்குப் பிறகுதான். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

திருமலை என்னைவிட ஆறு வயது இளையவன். உசிலம்பட்டியில் அம்மாவோடு இருந்தான். தேனி பஸ்ஸில் கண்டக்டர். டிரைவர் இல்லாத பஸ்கள் வந்துவிட்ட பிறகும் மலையோரத் தடங்களில் கண்டக்டர்களை விட்டுவைத்திருந்தார்கள். தொண்டை அப்படி ஒரு தொண்டை. அவன் "போலாம் ரைட்" என்றால் அடுத்த ஸ்டாப்பில் நிற்பவர்கள் பையைத் தூக்கிக்கொள்வார்கள் என்று கேலி செய்வோம்.

அந்தத் தொண்டை ஒரு வருடத்தில் அடங்கிப் போனது. சாப்பாடு குறைந்தது. லீவு நாளில் எழுந்திருக்க மாட்டான். அம்மா மந்திரித்துப் பார்த்தாள், ஜாதகம் பார்த்தாள், பெண்ணும் பார்த்தாள். ஒரு நாள் அவனாகவே பஸ் ஏறி எங்கள் மையத்துக்கு வந்து வாசலில் நின்றான்.

"எனக்கும் ஒரு பொத்தான் குடுக்கா."

"என்னடா ஆச்சு? எதாச்சும் பிரச்சனையா? யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"காரணம் கேக்காதக்கா. காரணம்னு ஒண்ணு இருந்தா நானே சரி பண்ணிருப்பேன்ல?"

டாக்டர் அவனைப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானே அவன் காலரில் பொத்தானை மாட்டினேன். நிறம் அம்மாவின் கைபேசியிலும் என் கைபேசியிலும் தெரிகிற மாதிரி இணைத்தேன். முதல் நாளே "போலாம் ரைட்" என்று அவன் கத்த, சிவப்பு எரிந்து, ஓடுகிற பஸ்ஸில் மையத்து ஆள் அவனைக் கூப்பிட்டு, "சார், நீங்க பத்திரமா இருக்கீங்களா?" என்று கேட்டாராம். மாதக்கணக்கில் சிரிக்காதவன் அன்று சிரித்தான். அவனுக்காகப் பதினெட்டாவது விதியை எழுதினேன்.

பிறகு நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

பொத்தான் வருவதற்கு முன்னால் அம்மா அவனிடம் பத்துத் தடவை "என்னய்யா, ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்பாள். நான் தினமும் போன் போட்டு அவன் குரலைக் கேட்பேன். பொத்தான் வந்த பிறகு, எழுந்ததும் புள்ளியைப் பார்ப்போம். பச்சை. சரி, நல்லா இருக்கான். "பையன் எப்படி இருக்கான்?" என்று யாராவது கேட்டால் அம்மா கைபேசியைத் திருப்பிக் காட்டுவாள். மஞ்சள் வந்தால் மாத்திரை போட்டானா என்று அவனுக்கு ஒரு வரி அனுப்புவேன். போன் செய்வது வாரத்துக்கு ஒன்றானது, பிறகு ஏதாவது வேலை இருந்தால்தான் என்றானது. ஆசையாகக் கேட்க வேண்டிய கேள்வியைப் பொத்தானிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம்.

கடைசியாக அவனிடம் பேசியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து ஐந்தாவது நாள். சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதா, வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். இருக்கிறது என்றான். பிறகு, "சரிக்கா, வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்று மத்தியானம் அவன் இறந்தான். எப்படி என்று எழுதப்போவதில்லை.

அந்த "வர்றேன்" என்னைத் தூங்கவிடவில்லை. துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருத்தன் போவானா? கூடப் பிறந்தவளிடம் கடைசியாகச் சொன்ன சொல்லே பொய்யா? பொத்தானையும் ஏமாற்றிவிட்டான், என்னையும் ஏமாற்றிவிட்டான் என்று காரியத்தன்று அம்மாவிடம் கத்தினேன். அவள் கைபேசியில் புள்ளி சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதை நீக்கவும் அவள் விடவில்லை.

பொத்தான் கேட்பதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கும். ஆனால் ஆள் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பேச்சை யாரும் கேட்கக் கூடாது என்பது சட்டம். இறந்துவிட்டால் மட்டும், பொத்தான் எங்கே தவறியது என்று பார்க்க மையம் திறந்து கேட்கலாம். நல்ல சட்டம் என்றுதான் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். உயிரோடு இருந்தவரை பூட்டியிருந்த பெட்டியைத் திறக்க முப்பத்திரண்டாவது நாள் டாக்டர் நூர்ஜஹான் உட்கார்ந்தார். நானும் கேட்பேன் என்று அடம்பிடித்தேன்.

"வேணாம் செண்பகம். நான் கேட்டுட்டேன். அறிக்கைல எழுதிடுறேன்."

"தப்பு எங்க மேடம்? என் விதியா?"

"விதி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு."

"அப்ப அவன் பொய் சொல்லிருக்கான். அதத்தான் மேடம் நானும் சொல்றேன்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவன் பொய் சொல்லல" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஹெட்போனை என் பக்கம் தள்ளினார்.

காதில் மாட்டினேன். எதிரே திரையில் பேச்சோடு சேர்ந்து பொத்தானின் நிறமும் ஓடியது. முதலில் என் குரல்தான் வந்தது. பின்னால் என் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது.

"டேய், அம்மாவுக்குச் சொட்டு மருந்து இருக்கா? வாங்கி அனுப்பவா?"

"ரெண்டு நாளைக்கு இருக்குக்கா. ஃப்ரிட்ஜ் கதவுல வச்சிருக்கேன். நீல மூடி காலைல. வெள்ளை மூடி படுக்கும்போது. ரெண்டுக்கும் நடுவுல கண்ணத் துடைக்கக் கூடாது."

"எங்கிட்ட எதுக்குடா சொல்ற? நீதான போடுற?"

"தெரிஞ்சு வச்சுக்கக்கா."

"சரி சரி. எனக்கு நேரமாச்சு."

புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது. நான் அன்றைக்கு அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. குக்கரை இறக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

"சரிக்கா. நான் போறேன்."

புள்ளி சிவப்பானது.

அழைப்பு போக வேண்டிய நேரம் அது. பதினேழாவது விதிப்படி, பொத்தான் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தது. அடுத்த வாக்கியம் அவனுடையது அல்ல. என்னுடையது.

"போறேன்னு சொல்லாதடா. எத்தன தடவ சொல்றது? வர்றேன்னு சொல்லு."

நாலு விநாடி ஒன்றும் இல்லை. திரையில் எண்கள் ஓடியதால்தான் நாலு என்று தெரியும். பிறகு அவன் லேசாகச் சிரித்தான். சின்ன வயதில் நான் காதைத் திருகினால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

"சரிக்கா. வர்றேன்."

பச்சை.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். எனக்கு அது நினைவிலேயே இல்லை. முப்பத்திரண்டு நாளும் அந்தப் பேச்சை மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சொட்டு மருந்து வரும், "வர்றேன்" வரும், நடுவில் இது வராது. தும்மினால் "நூறு" என்று வாய் தானாகச் சொல்லுமே, அந்த மாதிரி சொல்லியிருக்கிறேன். அவன் என்னிடம் பொய் சொல்லவில்லை. ஊரில் ஒருத்தரிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று என்னைத் தேர்ந்தெடுத்துச் சொன்னான். நான் இலக்கண டீச்சர். திருத்திவிட்டேன்.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு என் முதுகில் கை வைத்திருந்தார்.

"நானா இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பேன், செண்பகம். எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவோம். என் பொண்ணு இன்னைக்குக் காலைல 'போறேம்மா'ன்னா, நானும் திருத்திட்டுத்தான் வந்தேன். இது கேக்குறதுக்கு முன்னாடி."

"நாக்கக் கடிச்சுக்கிட்டு அவங்களே மாத்திக்குவாங்கன்னு நான்தான் மேடம் அன்னைக்குச் சொன்னேன். அடுத்தவங்க மாத்தச் சொல்லுவாங்கன்னு தோணவே இல்ல. நான் பொறந்ததுலேர்ந்து அதத்தான் செஞ்சிக்கிட்டு இருக்கேன், எனக்கே தோணல."

"விதிய எடுத்துரலாமா?"

"எடுக்க வேணாம். யாரு மாத்துனாங்கன்னு பாக்கச் சொல்லுங்க. அவங்களா மாத்திக்கிட்டா விட்டுரலாம். அடுத்தவங்க சொல்லி மாத்துனா, சிவப்பு சிவப்பாவே இருக்கட்டும். அந்த 'வர்றேன்' அவன் சொன்னது இல்ல மேடம். நான் சொன்னது. அவன் வாயால வந்துச்சு, அவ்வளவுதான்."

டாக்டர் மற்றவர்களோடு சேர்ந்து கணக்குப் பார்த்தார். விதியை அப்படி மாற்றினால் மறுபடியும் ஒரு நாளைக்கு நூற்று நாற்பது சிவப்பாவது எரியும் என்று தெரிந்தது. நம் வீடுகளில் திருத்தாத அம்மாவும் இல்லை, திருத்தாத அக்காவும் இல்லை. நூற்று நாற்பதில் நூற்று முப்பத்தொன்பது, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள்.

"கூப்பிட்டுப் பேச இங்க பன்னெண்டு பேர்தான் இருக்காங்க. காலைல ஒரே நேரத்துல இத்தனை வீட்டுக்கு யாரு பேசுறது?" என்றார் டாக்டர்.

"நான் பேசுறேன்."

இப்போது என் வேலை அதுதான். விதி எழுதுவதை விட்டுவிட்டேன். காலை ஏழரைக்கு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருகிறேன். சிவப்பு எரிந்ததும் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்கிறேன்: "எங்க போறீங்க?" வெளியே கிளம்புகிறவர்களிடம் எங்கே என்று கேட்கவே கூடாது என்று வளர்ந்த ஊர் இது. வாங்காத திட்டு இல்லை. "கெளம்பும்போது எங்கன்னு கேக்குறியே, போற காரியம் வெளங்குமா?" என்று வண்டியை நிறுத்திவிட்டுத் திட்டியவர்கள் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பக் கிளம்பியவரும் உண்டு. எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்பேன். திட்டுவதற்குத் தெம்பு இருக்கிறதே என்று மனதுக்குள் சந்தோஷப்படுவேன். போன மாதம் ஒரே ஒருத்தர் திட்டவில்லை. நான் கேட்டதும் அழ ஆரம்பித்தார். அவர் அழுது முடிக்கும்வரை, அடுத்த இரண்டு சிவப்பையும் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டேன்.

அது திருமலையைக் கொண்டுவராது. எனக்குத் தெரியும்.

அம்மாவை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். அறுவை செய்த கண் நன்றாகத் தெரிகிறது. நீல மூடி, வெள்ளை மூடி, இரண்டுக்கும் நடுவே துடைக்கக் கூடாது. தவறாமல் நான்தான் போட்டேன். அவளுக்குப் பொத்தான் வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், அதோடு அந்தப் பேச்சை விட்டேன். அன்று பதிவில் கேட்டதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னேன். "அவன் எப்பப் பொய் சொன்னான்?" என்றாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்தாள்.

"நான் போறேன்டி."

எழுபத்தோரு வயதில் அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் அதைத் திருத்திப் பழக்கியதே அவள்தான். என் வாய் தானாகத் திறந்தது. "போறேன்னு" என்கிற வரைக்கும் நாக்கு வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். வலித்தது.

"எங்கம்மா போற?"

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள். தெருமுனையில் ஒரு பஸ் திரும்பியது.

"தெரியலடி" என்றாள். "வீட்டுக்குள்ள இருக்க முடியல."

மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

"இரும்மா. நானும் வர்றேன்."